மிஷின் நகர்ந்தால் தொழிலாளி வயிறு காய வேண்டுமா?

திருப்பூர்ப் பனியன் முதலாளிமாரும், பல்லடம், அவிநாசி, உடுமலை வட்டாரத்து நூல்மில் முதலாளிமாரும் ஒரு பழைய கத்திக்குப் புதிதாகச் சாணை பிடித்திருக்கிறார்கள். அந்தக் கத்தியின் பெயர் இடமாற்றம்.

சங்கத்தில் சேர்ந்தாயா? நாளை முதல் இருபது மைலுக்கு அப்பால் இருக்கும் யூனிட்டுக்குப் போ. ஈ.எஸ்.ஐ. கார்டு கேட்டாயா? பவர் டேபிளை விட்டு எழுந்து செக்கிங்கில் போய் நில். பிரசவம் முடிந்து திரும்பி வந்தாயா? உன் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று, நீ இரவு ஷிப்டுக்கு வா. முடியாதா? அப்படியானால் கணக்கை முடித்துக்கொள்.

இதில் டிஸ்மிஸ் என்ற காகிதம் கிடையாது. ஆட்குறைப்பு என்ற பேச்சு கிடையாது. சட்டப்படி கொடுக்க வேண்டிய நஷ்டஈடும் கிடையாது. தொழிலாளி தானாகவே நின்றுவிட்டான் என்று ரிஜிஸ்தரில் ஒரு வரி எழுதிவிட்டால் முதலாளியின் காரியம் முடிந்தது!

கேட்டால் என்ன பதில் சொல்லுகிறார்கள்? "கட்டிடம் என்னுடையது. மிஷின் என்னுடையது. எந்த மிஷினை எங்கே வைப்பது, எந்த ஆளை எங்கே நிறுத்துவது என்பது நிர்வாகத்தின் உரிமை. இதில் சங்கத்திற்கு என்ன வேலை?" என்கிறார்கள்.

சங்கத்திற்கு என்ன வேலை என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கூலி வெட்டு மூன்று வேஷத்தில்

முதல் வேஷம்: ஆள் அதே கம்பெனியில் இருப்பார், வேலை மாறும். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் ஊர் இது. ஓவர்லாக்கில் கை பழகிய டெய்லர் ஒருவர் நாளைக்கு 400 உருப்படி தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் திடீரென்று பேட்லாக்கில் உட்கார்த்தினால் கை பழகும்வரை 250 தேறுவதே கஷ்டம். ரேட்டில் ஒரு காசு குறையவில்லை என்று முதலாளி சத்தியம் செய்வார். உண்மைதான்! ரேட் குறையவில்லை, கூலிதான் குறைந்துவிட்டது. டெய்லர் கதி இது என்றால், அவருக்குக் கைமடிக்கும் பெண்ணின் கதியும் அதுவே. நூல்மில்லிலும் இதே கதைதான். நேற்றுவரை ஒரு கணக்குக்கு சைடு பார்த்தவரிடம், மிஷின்களை மாற்றிப் போட்ட மறுநாள் கூடுதல் சைடு தலையில் கட்டப்படுகிறது. இடத்தை ஒழுங்கு செய்தோம் என்பார்கள். ஒழுங்கானது லாபக் கணக்கு. ஒடிந்தது தொழிலாளியின் இடுப்பு.

இரண்டாவது வேஷம்: வேலை அதே வேலை, இடம் மாறும். டவுனில் இருந்த கம்பெனி வாடகை மிச்சம், வரி மிச்சம் என்று ஒதுக்குப்புறத்துக்குப் போகிறது. கம்பெனி பஸ் விடுகிறோமே என்று பெருமை பேசுகிறார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். போக ஒரு மணி, வர ஒரு மணி. மாதம் 26 நாளுக்கு 52 மணி நேரம். எட்டு மணி ஒரு ஷிப்டு என்றால் ஆறரை ஷிப்டு! வருஷத்திற்கு 78 ஷிப்டு! இந்த 78 நாளுக்கு யார் கூலி கொடுத்தது? பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற நேரம் தொழிலாளியின் நேரம் அல்ல. முதலாளி வாடகையை மிச்சம் பிடித்ததற்குத் தொழிலாளி கட்டுகிற வரி அது. ஒன்றரை ஷிப்டு என்ற பெயரில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற ஊரில் இந்த இரண்டு மணியும் சேர்ந்தால் பதினான்கு மணி. மிச்சம் இருக்கிற பத்து மணிக்குள் ஒரு தாய் சமைக்க வேண்டும், பிள்ளையைப் பார்க்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், தூங்கவும் வேண்டும்.

மூன்றாவது வேஷம்தான் எல்லாவற்றிலும் கொடியது: இடமும் மாறும், கம்பெனியின் பெயரும் மாறும். முதலாளி அவரேதான், போர்டில் மட்டும் மகன் பெயரோ, மருமகள் பெயரோ, ஏதாவது சாமி பெயரோ இருக்கும். இதன் சூட்சுமம் என்ன? கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை 1972-ஆம் வருஷச் சட்டத்தின்படி வந்தது. வருஷத்திற்கு 15 நாள் சம்பளம். நிரந்தரத் தொழிலாளிக்கு அது கிடைக்க ஐந்து வருஷம் தொடர்ந்த சர்வீஸ் வேண்டும். நாலாவது வருஷம் முடிகிற சமயத்தில் புதுக் கம்பெனி பிறந்துவிட்டால், தொழிலாளியும் அன்றுதான் பிறந்தவர் ஆகிறார்! முப்பது வருஷம் ஒரே முதலாளிக்கு உழைத்து, தலை நரைத்து, கடைசியில் சர்வீஸே இல்லாமல் வெளியே போகிறவர்களை இந்தப் பேட்டையில் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

1984 கற்பித்த பாடம்

இது தற்செயலாக வந்ததா? இல்லை. திருப்பூர் முழுவதும் சின்னச் சின்னத் துண்டாகச் சிதறிக் கிடப்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளிகள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாலு மாதத்திற்கு மேல்! அடுப்பு எரியாத வீடுகள் எத்தனை, அடகுக் கடைக்குப் போன தாலிகள் எத்தனை! ஆனாலும் தொழிலாளி அசையவில்லை. அந்தப் போராட்டத்தில் முதலாளி வர்க்கம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. ஒரே கூரையின் கீழ் நிட்டிங், கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் எல்லாம் இருந்தால், எல்லாத் தொழிலாளியும் ஒரே கேட்டில் கூடுவார்கள். ஆகவே கூரையைப் பிரி! நிட்டிங் ஒரு தெரு, தையல் ஒரு தெரு, சாயம் ஒரு ஊர், செக்கிங் ஒரு வீடு. ஜாப் ஒர்க் என்ற பெயரில் வேலையைச் சிதற அடித்தார்கள். வேலை சிதறியபோது தொழிலாளியும் சிதறினார். ஏற்றுமதி வளர வளர இந்தச் சிதறலும் வளர்ந்தது.

பம்பாயில் நடந்ததும் இதுவே. 1982 ஜனவரி 18-ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மில்களில் ஓடவேண்டிய துணி பிவண்டி போன்ற இடங்களின் விசைத்தறிக் கொட்டகைகளுக்குப் போயிற்று. பல மில்களின் கதவு மறுபடி திறக்கவே இல்லை. மில் நின்ற நிலத்தில் இன்று மாளிகைகளும் கடைவீதிகளும் நிற்கின்றன.

கடல் தாண்டிப் பார்த்தாலும் கதை மாறவில்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி மில்கள், சங்கம் இல்லாத, கூலி குறைந்த தெற்கு மாகாணங்களைத் தேடி ஓடின. அங்கேயும் 1929-இல் காஸ்டோனியா என்ற ஊரில் மில் தொழிலாளிகள் கிளர்ந்தெழுந்தார்கள். பிறகு தொழில் ஆசியாவுக்கு ஓடிவந்தது. மூலதனம் ஓடுவது வேலை எங்கே நன்றாக நடக்கும் என்று பார்த்து அல்ல. எந்த ஊரில் வாய் திறக்கமாட்டார்கள் என்று பார்த்துத்தான். போன இடத்திலெல்லாம் ஒரு நாள் தொழிலாளி வாயைத் திறக்கத்தான் செய்கிறான்!

"தொழிலே போய்விடும்" என்ற பூச்சாண்டி

"இப்படிக் கேள்வி கேட்டால் நாங்கள் ஒரிசாவுக்கோ மத்தியப் பிரதேசத்துக்கோ போய்விடுவோம். அங்கே சர்க்கார் மானியம் தருகிறது" என்று மிரட்டுகிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்தபோது, "ஆர்டர் இல்லை, சொன்ன இடத்துக்குப் போ, கொடுத்ததை வாங்கு" என்ற குரல் இன்னும் உரத்துக் கேட்டது.

நாம் கேட்கிறோம்: ஆர்டர் மலை மலையாகக் குவிந்த வருஷங்களில், "வா தம்பி, லாபம் பெருகியிருக்கிறது, உன் வீட்டுப் பக்கத்திலேயே மிஷினைக் கொண்டுவந்து போடுகிறேன்" என்று எந்த முதலாளியாவது கூப்பிட்டாரா? லாபத்தில் பங்கு இல்லாதவனுக்கு நஷ்டத்தில் மட்டும் பங்கா?

இன்னொன்றும் சொல்லுகிறோம். மிஷினை நகர்த்தவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. புது மிஷின் வரும், பழையது போகும், கட்டிடம் பழுதாகும், காற்றும் வெளிச்சமும் இல்லாத பொந்தை விட்டு நல்ல இடத்துக்குப் போவதானால் முதலில் மூட்டையைத் தூக்குகிறவன் தொழிலாளிதான். வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்ட ஆயத்த ஆடைத் தொழிலாளிகள் மாண்டார்கள். முந்திய நாளே சுவரில் விரிசல் கண்டு வெளியே வந்தவர்களை மறுநாள் உள்ளே போகச் சொல்லி நெருக்கினார்கள். அந்தக் கட்டிடத்தில் வேலை செய்யலாமா, வேறு இடத்துக்குப் போகலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் தொழிலாளிகளிடம் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருக்க மாட்டார்களா? ஆகவே தாவா இடமாற்றம் வேண்டுமா, வேண்டாமா என்பது அல்ல. யாரைக் கேட்டு மாற்றுவது, மாற்றத்தின் செலவை யார் தாங்குவது என்பதுதான் தாவா.

சட்டம் என்ன சொல்லுகிறது?

"நிர்வாகத்தின் உரிமை" என்று மார்தட்டுகிறவர்களுக்கு 1960-இல் சுப்ரீம் கோர்ட்டே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. வடக்கே அம்ரோஹாவில் குந்தன் சுகர் மில்ஸ் என்ற சர்க்கரை ஆலை. அதன் முதலாளிகள் பிற்பாடு புலந்த்ஷஹரில் வேறொரு ஆலையை வாங்கினார்கள். அம்ரோஹாத் தொழிலாளிகள் சிலரை அங்கே போகச் சொன்னார்கள். போக மறுத்தவர்களை நீக்கினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. வேலைக்குச் சேர்ந்தபோது இல்லாத, பிற்பாடு வாங்கிய வேறொரு ஆலைக்கு, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இல்லாமல் தொழிலாளியைத் துரத்த முதலாளிக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்கு ஆளைச் சம்மதம் இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று 1989-இலும் அதே கோர்ட் சொன்னது. தொழிலாளி மாடல்ல, சந்தையில் கயிற்றைக் கைமாற்றிக் கொடுக்க!

1947-ஆம் வருஷத் தொழில் தாவாச் சட்டத்தில் 9-ஏ என்ற பிரிவு இருந்தது. கூலி, படி, வேலை நேரம், ஷிப்டு, வழக்கமாக வந்த சலுகை, ஒரு பகுதியில் வேலை செய்யும் ஆட்களின் எண்ணிக்கை இவற்றில் கைவைப்பதானால் 21 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றது அது. மத்திய சர்க்கார் பழைய சட்டங்களைத் தூக்கிவிட்டு 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. தொழிலாளிக்கு அநேகக் கேடு செய்யும் அந்தத் தொகுப்பிலும் இந்த 21 நாள் நோட்டீஸை அவர்களால் அடியோடு எடுக்க முடியவில்லை. தொழில் உறவுத் தொகுப்பின் 40-வது பிரிவாக அது நிற்கிறது. நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் கெட்ட எண்ணத்தோடு தொழிலாளியை ஊர் மாற்றுவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்ற விதியும் நிற்கிறது.

"இடமாற்றம் என்ற சொல் 21 நாள் பட்டியலில் இல்லையே" என்று முதலாளியின் வக்கீல் வாதாடுவார். இல்லாமல் இருக்கட்டும். இடமாற்றத்தால் கூலி குறைகிறதா? அது பட்டியலில் இருக்கிறது. ஷிப்டு மாறுகிறதா? இருக்கிறது. நேற்றுவரை வந்த சலுகை நிற்கிறதா? அதுவும் இருக்கிறது. வாசல் வழி அடைத்தால் கொல்லை வழியாக வருகிற கள்ளனைக் கொல்லையில்தான் பிடிக்க வேண்டும்.

மத்திய சர்க்கார் பழைய நிலையாணைச் சட்டத்தின் கீழ் வகுத்த மாதிரி நிலையாணைகளைப் பாருங்கள். தொழிலாளியை மாற்றலாம், ஆனால் சம்பளம், கிரேடு, தொடர்ந்த சர்வீஸ் எதற்கும் பங்கம் வரக்கூடாது, அவரால் செய்யக்கூடிய வேலையாக இருக்க வேண்டும், நியாயமான நோட்டீஸ் வேண்டும், ஊர் மாற்றினால் போய்ச்சேர அவகாசம் வேண்டும், பயணப்படி வேண்டும், மாகாணம் விட்டு மாகாணம் மாற்றுவதானால் தொழிலாளியின் சம்மதமோ நியமன உத்தரவில் ஷரத்தோ வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் புதிய தொகுப்பு என்ன செய்தது? 100 பேர் வேலை செய்யும் இடத்திலேயே நிலையாணை வேண்டும் என்றிருந்ததை 300 பேர் என்று உயர்த்திவிட்டது. முன் அனுமதி இல்லாமல் ஆலையை மூடுவதற்கு இருந்த 100 பேர் தடையும் 300 ஆயிற்று. திருப்பூரில் ஒரே கம்பெனியை மூன்று பெயரில் மூன்று இடத்தில் வைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்! 300-க்குக் கீழே நிற்கவும் இடமாற்றமே வழி என்று சட்டமே முதலாளிக்கு வழி காட்டுகிறது.

வந்தவன் பகைவன் அல்ல

இங்கே ஒரு விஷத்தை நாம் எச்சரிக்க வேண்டும். "வடநாட்டான் வந்தான், நம் இடம் போயிற்று" என்ற பேச்சு டீக்கடையில் நடக்கிறது. பேசவைப்பது யார் என்று பாருங்கள்.

ஒரிசாவிலும் பீகாரிலும் நிலமில்லாத விவசாயத் தொழிலாளியின் மகனைத் திருப்பூருக்கு இடமாற்றம் செய்தது பசி. 1979-இல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், கங்காணி மூலம் அழைத்துவரப்படுகிறவருக்கு இடப்பெயர்ச்சிப் படியாக மாதக் கூலியில் பாதியோ 75 ரூபாயோ, எது அதிகமோ அதைத் திருப்பி வாங்காத பணமாகக் கொடுக்கச் சொன்னது. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு விலை உண்டு, அதை வேலை வாங்குகிறவன் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. புதிய தொகுப்பில் அந்தப் படியே காணோம்! அவரிடமிருந்து பிடுங்கியதும் நம்மிடமிருந்து பிடுங்குவதும் ஒரே கைதான்.

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்லுகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பயந்துபோன பிள்ளைகள் ரயிலடிக்கு ஓடினார்கள். தொழிலாளிக்குத் தொழிலாளி பகை என்றால் சிரிப்பது யார்?

கிராமத்துத் தோழர்களுக்கு இது புதிதல்ல. கீழத் தஞ்சையில் செங்கொடியின் கீழ் கூலி உயர்வு கேட்டவர்களை முறியடிக்க மிராசுதார்கள் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தத் தகராறு முற்றித்தான் 1968 டிசம்பர் 25-ஆம் தேதி வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையோடு கொளுத்தினார்கள். கொளுத்தியது வெளியூர்க் கூலிக்காரனா? மிராசுதார் கும்பல்! அதை மறக்கக் கூடாது.

நொய்யல் விஷயத்திலும் இப்படியே மோதவிட்டார்கள். சாயக் கழிவு ஆற்றைக் கெடுத்தது, ஒரத்துப்பாளையம் அணை விஷக் குட்டையாயிற்று, கீழ்ப்பாசன விவசாயியின் நிலம் பாழாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆறு பிழைக்க வேண்டும் என்ற தீர்ப்பை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஆற்றைக் கெடுத்தது சாயத் தொட்டியில் கைவிட்ட கூலிக்காரன் அல்லவே! நிலத்தை இழந்த விவசாயத் தொழிலாளியும் வேலையை இழந்த பட்டறைத் தொழிலாளியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். லாபம் பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

நம் கோரிக்கைகள்

1. பகுதி, ஷிப்டு, யூனிட் எதை மாற்றுவதானாலும் 21 நாள் முன்னால் எழுத்து மூலம் நோட்டீஸ், சங்கத்துடன் பேச்சுவார்த்தை.

2. வேலை மாற்றினால் கை பழகும்வரை முந்திய சராசரிக் கூலிக்குக் குறையாத உத்தரவாதம்.

3. யூனிட் தூரம் போனால் இலவச வாகனம், கூடுதலாகும் பயண நேரத்திற்குக் கூலி, பிள்ளைக் காப்பகம்.

4. போர்டு மாறினாலும் சர்வீஸ் மாறக்கூடாது. பழைய சேர்ந்த தேதியே செல்லும் என்று எழுத்து மூலம் உறுதி.

5. கர்ப்பிணிகள், கைக்குழந்தைத் தாய்மார்கள், ஊனமுற்றோர் ஆகியோரைச் சம்மதம் இல்லாமல் மாற்றத் தடை.

6. போக இயலாதவருக்கு ஆட்குறைப்பு நஷ்டஈடும், பணிக்கொடையும், நிலுவையும் பைசா பாக்கியில்லாமல்.

7. வெளிமாநிலத் தோழர்களுக்கு இடப்பெயர்ச்சிப் படி மறுபடியும் வேண்டும்.

நாளைக் காலையில் செய்ய வேண்டியது

வாய்வார்த்தையாகச் சொன்ன இடமாற்றத்தை ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். கோபத்தில் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். அதைத்தான் முதலாளி எதிர்பார்க்கிறார். "ஆப்சென்ட்" என்று எழுதிக் கதையை முடித்துவிடுவார். உங்கள் ஆட்சேபணையை எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, வேலைக்குத் தயாராக இருக்கிறோம் என்பதைக் காட்டுங்கள். வெற்றுக் காகிதத்திலும் ராஜிநாமாக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். பி.எப். நம்பர், ஈ.எஸ்.ஐ. நம்பர், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சேர்ந்த தேதிக்கு அவையே சாட்சி. எதையும் தனியாளாகப் போய்க் கேட்காதீர்கள். பகுதி முழுவதும் சேர்ந்து, சங்கத்தோடு போங்கள். சமரச அதிகாரி முன்னால் தாவா எழுப்புங்கள்.

சட்டம் பீரோவுக்குள் இருக்கிற கம்பு. அதை எடுத்துச் சுழற்ற ஒரு கை வேண்டும். அந்தக் கை சங்கம். 1984-இல் ஒரு கேட்டில் கூடியவர்களைக் கண்டு பயந்துதான் ஆயிரம் கேட்டுகளாகப் பிரித்தார்கள். ஆகவே ஆயிரம் கேட்டிலும் சங்கம் வேண்டும். கம்பெனி பஸ்ஸிலும் சங்கம் வேண்டும். ஹாஸ்டலிலும், லைன் வீட்டிலும், பஸ் ஏறுகிற கிராமத்து வேப்பமரத்தடியிலும் சங்கம் வேண்டும். தமிழிலும் இந்தியிலும் ஒரியாவிலும் நோட்டீஸ் வேண்டும்.

மிஷினை அவர்கள் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தட்டும். அதை ஓட்ட நம் கை வேண்டும். அந்தக் கைகள் ஒன்று சேர்ந்தால், எந்த மிஷின் எந்த இடத்தில் ஓடுவது என்ற பேச்சில் நமக்கும் ஒரு நாற்காலி போடத்தான் வேண்டும்!

பழிவாங்கும் இடமாற்றம் ஒழிக!
தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!